பதில் சொல்லும் கடமை: வாஷிங்டன் வட்டாரக் குழுக்களின் தீர்மானங்கள் எப்போது எடுபடுகின்றன, எப்போது எடுபடுவதில்லை

தீர்மானம் போடுவதில் குடியிருப்போர் சங்கங்கள் எங்கும் குறை வைப்பதில்லை. மேம்பாலம் வேண்டாம், மதுக்கடை வேண்டாம், அடுக்குமாடி வேண்டாம், பூங்கா வேண்டும் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கி வந்து கோப்பில் வைத்துக்கொள்வார்கள். உள்ளே போன காகிதத்தை யாராவது படித்தார்களா என்று கேட்க வழி இருக்காது.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் கைவைத்தது சரியாக இந்த இடத்தில்தான். வட்டாரக் குழு எழுத்தில் கருத்துச் சொன்னால், சம்பந்தப்பட்ட அரசுத் துறை அதற்கு எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. கருத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்காதது போல இருந்துவிட முடியாது, அவ்வளவுதான். கொஞ்சமாகத் தோன்றும் இந்த உரிமையை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம், எங்கே சறுக்கும் என்பதே இந்த ஆய்வு.

குழு எப்படி அமைந்திருக்கிறது

1973 டிசம்பரில் வந்த தன்னாட்சிச் சட்டம் வாஷிங்டன் மக்களுக்கு மேயரையும் 13 பேர் கொண்ட நகர மன்றத்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது. வட்டார ஆலோசனைக் குழுக்களுக்கான விதையும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. 1974 மே மாத வாக்கெடுப்பில் மக்கள் ஒப்புதல் தந்தார்கள். 1976இல் முதல் உறுப்பினர்கள் பதவிக்கு வந்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஊரில் எல்லோரும் சொல்வது 'ஏ.என்.சி.'

சுமார் 2,000 பேருக்கு ஒரு தொகுதி, தொகுதிக்கு ஓர் உறுப்பினர். சம்பளம் கிடையாது, கட்சிச் சின்னம் கிடையாது, பதவிக்காலம் 2 ஆண்டு. தொகுதிக்குள் 25 வாக்காளர்களின் கையெழுத்து இருந்தால் வேட்பாளர் ஆகிவிடலாம். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மறுவரையறைக்குப் பிறகு மொத்தம் 345 தொகுதிகள், 46 குழுக்கள். அதற்கு முன் 296 தொகுதிகளும் 40 குழுக்களும் இருந்தன.

இவை சங்கங்கள் அல்ல, அரசு அமைப்பின் ஓர் அங்கம். சங்கங்கள் தனியாக இருக்கின்றன, அவற்றுக்கு வயதும் அதிகம். அந்த ஊர்ச் சங்கங்களின் பெயரிலேயே ஒரு பழைய காயம் உண்டு. வெள்ளையர் மட்டும் இருந்த சங்கங்கள் 'சிட்டிசன்ஸ் அசோசியேஷன்' என்று பெயர் வைத்துக்கொண்டன. அவற்றில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் தொடங்கியவை 'சிவிக் அசோசியேஷன்' ஆயின. நிறத்தடை போன பிறகும் இரண்டு பெயர்களும் போகவில்லை. இந்தச் சங்கங்கள் கடிதம் எழுதலாம், விசாரணையில் பேசலாம். ஆனால் துறையிடமிருந்து பதில் பெறும் சட்ட உரிமை ஏ.என்.சி.க்கு மட்டும்தான். அதனால் விவரம் தெரிந்த சங்கம் துறைக்கு நேரே எழுதுவதோடு நிற்காது. தன் வாதத்தை ஏ.என்.சி. தீர்மானத்துக்குள் நுழைக்கப் பார்க்கும்.

'பெருமதிப்பு' என்றால் என்ன

சட்டத்தில் உள்ள சொல் 'கிரேட் வெயிட்'. இங்கே பெருமதிப்பு என்று வைத்துக்கொள்வோம். நில வகைப்பாடு (எந்த நிலத்தில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதி), கட்டட விதிவிலக்கு, மதுபான உரிமம், சாலை மாற்றம் என்று வட்டாரத்தைத் தொடும் எந்த முடிவானாலும் துறை முன்கூட்டியே குழுவுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பொதுவாகச் சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளைக் கழித்து 30 நாள் அவகாசம். குழு எழுத்தில் பரிந்துரை தந்துவிட்டால், துறை தன் ஆணையில் குழுவின் பெயரைச் சொல்லி, அது எழுப்பிய ஒவ்வொரு பிரச்சினையையும் குறிப்பிட்டு, அந்த ஆலோசனை ஏன் ஏற்கத்தக்கது அல்லது ஏன் ஏற்கத்தக்கதல்ல என்பதற்குத் துல்லியமாகக் காரணம் எழுத வேண்டும். முடிவின் நகலை 5 நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

'பெருமதிப்பு என்றால் நாங்கள் சொல்வதுதான் முடிவு' என்று ஆரம்பத்தில் பலர் நினைத்தார்கள். 1977இல் ஒரு மதுபான உரிம வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது: குழு சொல்வதே சரி என்ற அனுமானம் எதுவும் இல்லை, குழு எழுப்பிய விஷயங்களுக்குக் காரணத்தோடு எழுத்தில் பதில் இருக்க வேண்டும், அவ்வளவே. பிந்தைய தீர்ப்புகள் இன்னொரு வேலியையும் போட்டன. சட்டப்படி பொருத்தமான விஷயங்களுக்குப் பதில் போதும், சம்பந்தமில்லாத புகாருக்குத் துறை மெனக்கெட வேண்டியதில்லை.

ஒரு தீர்மானத்தின் தரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த இரண்டாவது வேலிதான்.

அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்

நில வகைப்பாட்டு வழக்குகளில் விதி கேட்கும் விவரங்கள் வெளிப்படையானவை. எந்த விண்ணப்பம், அதைப் பற்றிய பொதுக்கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது, கூட்டத்துக்கு முறையான அறிவிப்பு தரப்பட்டதா, கோரம் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர்) எத்தனை பேர், வந்தது எத்தனை பேர், வாக்கு எப்படிப் பிரிந்தது, குழு சார்பில் விசாரணையில் பேசப்போவது யார், இவற்றோடு தலைவர் அல்லது துணைத் தலைவர் கையெழுத்து. நடுவில் முக்கியமான ஒன்று: குழுவின் கவலைகள் என்ன, அந்த விண்ணப்பத்தை எடைபோட விதி வைத்திருக்கும் அளவுகோலோடு அவை எப்படிப் பொருந்துகின்றன. அறிக்கை விசாரணைக்கு 7 நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது அளவுகோல் விஷயத்தில். ஓர் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வாஷிங்டனில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் அதிகம். அப்படிப்பட்ட பல பகுதிகளில் ஒரு வீட்டின் பின்சுவரைப் பக்கத்து வீட்டின் பின்சுவரைத் தாண்டி 10 அடி வரை நீட்டலாம். அதற்கு மேல் போனால் சிறப்பு விலக்கு கேட்க வேண்டும். அங்கே அளவுகோல்: பக்கத்து வீட்டுக்கு வரும் வெளிச்சமும் காற்றும் மிதமிஞ்சிப் பாதிக்கக் கூடாது, அந்த வீட்டாரின் அந்தரங்கம் மிதமிஞ்சிக் கெடக் கூடாது. ஒருவர் 18 அடி நீட்ட அனுமதி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குழு இப்படி எழுதுகிறது:

'இந்தக் கட்டுமானம் எங்கள் தெருவின் அமைதியைக் குலைக்கும். கட்டுபவர் லாபத்துக்காக வாங்கியவர். வாகனம் நிறுத்த ஏற்கனவே இடமில்லை. வீட்டு மதிப்பு குறையும். எனவே கடுமையாக எதிர்க்கிறோம்.'

ஐந்து வாக்கியத்தில், விலக்கு விண்ணப்பங்களை முடிவு செய்யும் வாரியம் பதில் எழுத வேண்டிய ஒன்றுகூட இல்லை. லாப நோக்கமும் வீட்டு மதிப்பும் அளவுகோலில் இல்லை. பின்பக்க நீட்சிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. 'குழுவின் கவலைகள் பரிசீலனை அளவுகோலுக்குள் வரவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், சட்டப்படி அதில் குறையும் இருக்காது. அதே கோபத்தை இப்படி எழுதினால்:

'பின்சுவர் வடக்கு வீட்டைத் தாண்டி 18 அடி போகிறது. டிசம்பர் 21 அன்று நிழல் எங்கே விழும் என்று காட்டி விண்ணப்பதாரரே தாக்கல் செய்த நிழல் படத்தின்படி, காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை வடக்கு வீட்டின் பின் ஜன்னல்கள் முழு நிழலில் இருக்கின்றன. 10 அடி நீட்சிக்கான நிழல் படம் தாக்கல் ஆகவில்லை. அதனால் கூடுதல் 8 அடியால் மட்டும் வரும் பாதிப்பை ஒப்பிட முடியவில்லை. இரண்டாம் மாடி மேடையிலிருந்து வடக்கு வீட்டின் படுக்கையறை தெரிகிறது. நீட்சியை 12 அடியாகக் குறைத்து, மேடையின் வடக்கு ஓரத்தில் 6 அடி மறைப்புத் தடுப்பு வைத்தால் குழுவுக்கு ஆட்சேபணை இல்லை.'

இதில் நான்கு இடத்தில் வாரியம் பதில் எழுதியாக வேண்டும். ஒப்பீட்டுப் படம் ஏன் இல்லை என்ற கேள்வி விண்ணப்பதாரரை நோக்கித் திரும்புகிறது. கடைசி வாக்கியம் இன்னும் கூர்மையானது. 'முடியாது' என்று மட்டும் சொன்னால் வாரியத்துக்கு முன்னால் இருப்பது ஆம், இல்லை என்ற இரண்டு வழிதான். அளவோடு ஒரு மாற்று வைத்தால் மூன்றாவது வழி திறக்கிறது. அனுபவமுள்ள விண்ணப்பதாரர் விசாரணைக்கு முன்பே வரைபடத்தை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார், ஆட்சேபணை இல்லாத வழக்கு சீக்கிரம் முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

தாமதமும் நடைமுறைப் பிழைகளும்

30 வேலைநாள் என்பது நாட்காட்டியில் ஏறக்குறைய ஆறு வாரம். குழு மாதம் ஒருமுறை கூடும். ஆண்டுக்குக் குறைந்தது 9 கூட்டம் போதும் என்பதால் ஆகஸ்ட் மாதத்தில் பல குழுக்கள் கூடுவதே இல்லை. ஜூலைக் கூட்டம் முடிந்த மறுநாள் அறிவிப்பு வந்தால், கையில் இருக்கும் அவகாசத்தில் ஒரு கூட்டம்கூட இல்லாமல் போகலாம். விண்ணப்பதாரரின் வக்கீலுக்கும் நாட்காட்டி பார்க்கத் தெரியும். இதற்கு மருந்து எளிது: அவசரக் கூட்டம் கூட்டுவது, அல்லது விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்லி உடனே எழுதுவது. இரண்டையும் செய்யாமல், விசாரணை அன்று எழுந்து 'எங்களுக்கு நேரமே தரவில்லை' என்றால் அது கேட்பாரின்றிப் போகும்.

பொதுக்கூட்டத்துக்கு 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தைக் கடைசி நேரத்தில் சேர்த்து வாக்கெடுத்தால், 'முறையான அறிவிப்பு தரப்பட்டதா' என்ற இடத்தில் நேர்மையாக 'ஆம்' என்று எழுத முடியாது. எழுதினாலும், நிரலின் நகலை எதிர்த்தரப்பு தாக்கல் செய்யும்.

கோரம் இன்னொன்று. ஒன்பது பேர் குழுவில் ஐந்து பேர் வேண்டும். நான்கு பேர் ஒரே குரலில் வாக்களித்தாலும் அது நான்கு தனிநபர்களின் கருத்துதான். அதேபோல் ஓர் உறுப்பினர் மட்டும் போய், 'என் தொகுதியில் எல்லோருக்கும் இதில் எதிர்ப்பு' என்று விசாரணையில் பேசினால் அதற்குப் பெருமதிப்பு கிடையாது. துணைக்குழுவின் கடிதத்துக்கும் கிடையாது. முழுக் குழு, முறையான கூட்டம், எழுத்து வடிவம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் துறையின் கடமை பிறக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை இது: ஏ.என்.சி. நீதிமன்றத்துக்குப் போக முடியாது. சட்டமே அதைத் தடுத்திருக்கிறது. துறை பதிலே எழுதாமல் ஆணை போட்டாலும் வழக்குத் தொடுக்க வேண்டியது பாதிக்கப்பட்ட குடியிருப்பாளரோ ஒரு சங்கமோதான். அவர்கள் விசாரணைக் கட்டத்திலேயே கட்சிக்காரராக, அதாவது வழக்கின் ஒரு தரப்பாக, பதிவாகி இருப்பது நல்லது. அதற்குப் பொதுமக்கள் எல்லோரையும்விடத் தங்களுக்குத் தனிப்பட்ட, கூடுதலான பாதிப்பு உண்டு என்று காட்டி, விசாரணைக்கு 14 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். எனவே பெரிய வழக்கு வரும்போது குழுவின் முதல் வேலை தீர்மானத்தை எழுதுவது அல்ல. அந்த நிலத்திலிருந்து 200 அடிக்குள் இருப்பவர்களில் கட்சிக்காரராகச் சேரத் தயாரான ஒருவரைக் கண்டுபிடிப்பது. இருநூறு அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்குத் தனி அறிவிப்பும் போகும் என்பதால் பட்டியல் கையிலேயே இருக்கும்.

மதுபான உரிமத்தில் நடைமுறை வேறு, இன்னும் சாதகமானது. அறிவிப்பில் குறித்த கெடுவுக்குள், 600 அடிக்குள் வரும் ஏ.என்.சி. எதிர்ப்புத் தாக்கல் செய்யலாம். குறைந்தது ஐந்து குடியிருப்பாளர்கள் சேர்ந்தும் செய்யலாம். பெரும்பாலும் அது உடன்பாட்டில் முடியும். எத்தனை மணிக்குக் கடை மூட வேண்டும், எத்தனை மணிக்கு மேல் கதவு ஜன்னல் மூடியிருக்க வேண்டும், குப்பை எப்போது எடுக்க வேண்டும், மாடியில் இசை உண்டா என்பதெல்லாம் எழுதப்படும். மதுபான வாரியம் ஏற்றதும் அது உரிமத்தின் நிபந்தனையாகிவிடுகிறது, மீறினால் அபராதம் உண்டு. குழுக்களின் உண்மையான செல்வாக்கு வானளாவிய திட்டங்களைவிட இந்தக் குப்பைத்தொட்டி நேரத்தில்தான் அதிகம் தெரிகிறது என்பது எங்கள் கணிப்பு.

மக்மில்லன்: பதில் கிடைத்த பிறகு

பதில் சொல்லும் கடமையின் பலமும் எல்லையும் ஒரே இடத்தில் தெரிவது மக்மில்லன் வழக்கில். நகரின் வடக்குப் பகுதியில் 25 ஏக்கர், 1905இல் முடிந்த பழைய மணல்வடிகட்டி நீர்ச் சுத்திகரிப்பு நிலையம். தரைக்குக் கீழே ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் ஏக்கர் அளவில் 20 அறைகள், மேலே புல்வெளி, சுற்றிலும் வேலி. 1987இல் நகர நிர்வாகம் 93 லட்சம் டாலருக்கு மத்திய அரசிடமிருந்து வாங்கியது. பல ஆண்டு இழுபறிக்குப் பின், வரிசை வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், கடை, பூங்கா, 115 அடி உயரம் வரை மருத்துவ அலுவலகக் கட்டடம் என ஒரு திட்டம் நிலவகைப்பாட்டு ஆணையத்தின் ஒப்புதலைப் பெற்றது.

எதிர்த்துப் போன குடிமக்கள் குழு 'அழகான இடத்தைக் கெடுக்காதே' என்ற முழக்கத்தோடு நிற்கவில்லை. நகரின் முழுமைத் திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டது. வரைபடம் இந்த இடத்துக்குக் காட்டுவது நடுத்தர அடர்த்தி, 115 அடிக் கட்டடம் அதற்குள் எப்படி வரும்? திறந்தவெளியைப் பாதுகாக்கும் கொள்கைகளை எந்தக் காரணத்தால் ஒதுக்கினீர்கள்? நில மதிப்பு ஏறிச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் வெளியேற நேர்ந்தால் அதை எடைபோட்டீர்களா? 2016 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புதலை ரத்து செய்தது. அந்தக் கட்டடம் அங்கே கூடவே கூடாது என்று அது சொல்லவில்லை. இந்தக் கேள்விகளுக்கு ஆணையம் போதுமான பதில் எழுதவில்லை என்றது.

ஆணையம் 2017இல் மீண்டும் விசாரித்தது. இந்த முறை காரணங்களை விரிவாக எழுதி மீண்டும் ஒப்புதல் தந்தது. 2019இல் அதே நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. தாமதமே நோக்கம் என்று குற்றம் சாட்டுபவர்களும் உண்டு, வீட்டுப் பற்றாக்குறை உள்ள ஊரில் அந்தக் குற்றச்சாட்டில் நியாயமும் இருக்கிறது. நடைமுறை நோக்கில் பார்த்தால் விஷயம் நேரானது. பதில் இல்லை என்பதற்காக வென்ற வழக்கு, பதில் வந்தவுடன் முடிந்துவிடும். எதிர்த்தரப்புக்கு இடையில் கிடைப்பது காலம். அந்தக் காலத்தில் உயரம், மலிவு வீடுகளின் எண்ணிக்கை, பூங்காப் பராமரிப்புப் பொறுப்பு என ஏதாவது ஒன்றைப் பேசி எழுதி வாங்கினால் லாபம். வாங்காவிட்டால் இரண்டாவது தீர்ப்பு வரும் நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

யாருக்காகப் பேசுகிறார்கள்

வாஷிங்டன் குடும்பங்களில் பாதிக்கு மேல் வாடகைக்கு இருப்பவை. வாரநாள் மாலையில் மூன்று மணிநேரம் உட்கார்ந்து கூட்டம் நடத்துபவர்களின் விகிதம் அப்படி இருக்காது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 97 நகரங்களின் கூட்டக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். புதிய வீடுகள் பற்றிய விசாரணையில் பேசியவர்களில் ஆதரித்தவர்கள் சுமார் 15 விழுக்காடு, எதிர்த்தவர்கள் 60 விழுக்காட்டுக்கும் மேல். பேசியவர்கள் ஊரின் சராசரியைவிட வயதில் மூத்தவர்கள், ஆண்கள், சொந்த வீட்டுக்காரர்களாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இன்னும் கட்டாத வீட்டுக்குக் குடிவரப் போகிறவருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இல்லை.

சியாட்டில் நகரம் இதே காரணத்தைச் சொல்லித்தான் 2016 ஜூலையில் தன் 13 மாவட்ட வட்டார மன்றங்களோடு இருந்த அதிகாரபூர்வ உறவை முடித்துக்கொண்டது. காரணம் சரி. ஆனால் இருந்த அமைப்பைக் கழற்றிவிடுவது, வராதவர்களை வரவழைத்துவிடாது. தேர்தல் மூலம் ஆள் வரும் ஏ.என்.சி. முறையில் குறைந்தபட்சம் மாற்ற வழி இருக்கிறது. 25 கையெழுத்தோடு ஒரு வாடகைதாரர் நிற்கலாம். போட்டியே இல்லாமல் நிரம்பும் இடங்களும், ஆளே நிற்காத இடங்களும் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கின்றன.

தீர்மானத்திலேயே இதைக் காட்ட ஒரு நேர்மையான வழியும் உண்டு. வாக்குப் பிரிவை மட்டும் எழுதி விட்டுவிடாமல், கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, வாடகைதாரர்களிடம் எப்படிக் கேட்கப்பட்டது, சிறுபான்மைக் கருத்து என்ன என்று நான்கு வரி சேர்ப்பது. நமக்கு எதிரான கருத்தை நாமே எழுதிக் கொடுப்பதா என்று உறுப்பினர்கள் முகம் சுளிப்பார்கள். படிக்கும் வாரியம் அந்த நான்கு வரி இருக்கும் அறிக்கையைத்தான் நம்பும்.

ஆணை வந்த பிறகு

ஒப்புதல் ஆணையின் கடைசிப் பக்கங்களில் நிபந்தனைகள் எண்ணிட்டு வரும். மறைப்புத் தடுப்பின் உயரம், லாரி வரும் நேரம், மரங்களின் எண்ணிக்கை எல்லாம் அங்கே இருக்கும். விசாரணையில் வாய்மொழியாகச் சொன்ன வாக்குறுதி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அது இல்லை. ஆகவே நகல் வந்த அன்றே தீர்மானத்தையும் ஆணையையும் அருகருகே வைத்து, எது ஏறியது, எது விடுபட்டது, எதற்குப் பதிலே இல்லை என்று குறிக்க வேண்டும். பதிலே இல்லாததை, கட்சிக்காரராகச் சேர்ந்த குடியிருப்பாளருக்கு உடனே சொல்லிவிட வேண்டும், மேல்முறையீட்டுக்கான கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

கட்டடம் எழும்ப மூன்று நான்கு ஆண்டு ஆகலாம். அதற்குள் ஒன்றிரண்டு தேர்தல் முடிந்து, தீர்மானம் எழுதியவர் யாரும் குழுவில் இல்லாமல் போகலாம். தடுப்பு 6 அடி இருக்கிறதா, 4 அடியில் நிறுத்திவிட்டார்களா என்று அளந்து பார்க்க வேண்டியவருக்கு அப்படி ஒரு நிபந்தனை இருந்ததே தெரிந்திருக்காது. ஆணை எண், நிபந்தனைகள், முகவரி மூன்றையும் தெரு வாரியாக ஒரே பதிவேட்டில் எழுதி, ஜனவரியில் பொறுப்பேற்கும் உறுப்பினரிடம் முதல் கூட்டத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிற குழுவிடம், அளக்க வேண்டிய நாளில் அந்தத் தாள் இருக்கும்.